வழித்த தட்டு

மார்ச் 9

மருமகளுக்கு மாமா எழுதுவது.

வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று மாடியும் நொண்டி ஏறி, மூச்சு வாங்கி, முதல் வேலையாக இதை எழுதுகிறேன். நீ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது மரியாதையில்லை. தெரிந்தேதான் செய்தேன். உன் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போட்ட கூச்சலை நீ மறந்துவிட வேண்டும். போர்வை நுனி கால் கட்டைவிரலில் பட்டதற்கு அறுபத்தெட்டு வயது ஆள் அப்படிக் கத்துவானா? பிறகு குளியலறைக்கு நான் கையையும் முட்டியையும் ஊன்றிக்கொண்டு போனேனே, அதையும் நீ பார்த்துவிட்டாய். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த நாகரிகம் எத்தனை பேருக்கு வரும்? ஆனாலும் பார்த்துவிட்டாய்.

அது பழைய சுளுக்கு. எப்போதோ படியில் இடறியது. உன் சமையலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஒரு மாதம் உன்னோடும் என் பிள்ளையோடும் இருந்து பார்ப்பது, எல்லோருக்கும் ஒத்துவந்தால் சாமான்களோடு வந்துவிடுவது என்றுதான் பேச்சு. பாதியிலேயே ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள். குறை என் பக்கம். இந்தக் கட்டிடத்தை மே கடைசியில் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் முதியோர் இல்லம் எதையாவது பார்த்துக்கொள்வேன். எனக்கென்று வாங்கிப்போட்ட கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு. அதில் படுத்துக்கொண்டு உன்னை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மாமா


மார்ச் 15

மாமா,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்று எழுதுவீர்கள். போனில் கூப்பிட்டாலும் அதே கதைதான். "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி, நான் மூச்சு விடுவதற்குள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

குளியலறை அலமாரியில் ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டையை விட்டுப் போயிருக்கிறீர்கள். சுளுக்குக்கு மாத்திரையா என்று யோசித்தேன். கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யூரிக் ஆசிட் கூடிப்போய் மூட்டு வீங்குகிறவர்கள் தினமும் சாப்பிட வேண்டியது, இதில் ஒன்றுகூடப் பிரிக்கவில்லையே என்றார். பிறகு, "அவருக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் பெருமையாகச் சொன்னேன் மாமா. காலையில் எலும்பு சூப். மத்தியானம் ஆட்டு ஈரல், இல்லையென்றால் மத்தி மீன். சாயங்காலம் பாட்டில் பழரசம். வயதானவர், தனியாக இருந்து இளைத்துப் போயிருந்தார், உடம்பு தேற வேண்டாமா என்று வேறு சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "எது எது ஆகாதோ அத்தனையும் வரிசையாக் கொடுத்திருக்கீங்களேம்மா" என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண் தப்பான கியர் போட்டதற்கு அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன், பாவம்.

உங்கள் மகள் போன் செய்தாள். "அப்பாவை நடக்க வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க, நொண்ட வச்சு அனுப்பிட்டீங்களே அண்ணி" என்றாள்.  

ஒரே ஒரு வார்த்தை, எனக்கு இது ஆகாது என்று, ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு வேளையும் தட்டை வழித்துச் சாப்பிட்டீர்களே. கழுவவே வேண்டாம் போல இருக்கும். பிடித்துப்போய்த்தானே சாப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

கட்டிலை யாருக்கும் கொடுக்கவில்லை.

மருமகள்


மார்ச் 22

மருமகளுக்கு,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். சுளுக்கு என்று எழுதியது பொய்.

ஐந்தாறு மாதம் முன்பே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. டாக்டர் எதைக் குறைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். உன் வீட்டுக்கு வந்த முதல் நாள், மாத்திரை அட்டையைப் பிரிக்கப் போன நேரத்தில் நீ சூப்போடு வந்து நின்றாய். மாத்திரையை எடுத்தால் எதற்கு என்று கேட்பாய். சொன்னால், காலை முழுதும் அடுப்படியில் நின்றவளின் முகம் என்ன ஆகும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் டயர் ஆலையில் பழைய மேலாளர் ஒருவருக்கு இந்த வியாதி. வீங்கின காலுக்குச் செருப்பை வெட்டிப் போட்டுக்கொண்டு வருவார். தின்று கொழுத்தவனுக்கு வருகிற நோய் என்று கேண்டீன் முழுக்கச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் மகன் வீட்டில், நேற்று வந்த மருமகளிடம், எனக்கும் அதுதான் என்று எந்த வாயால் சொல்வது?

தட்டைப் பற்றிக் கேட்டாய். நான் அந்தக் கேண்டீனுக்கு மேற்பார்வையாளனாக இருந்தது உனக்குத் தெரியும். எனக்கு அங்கே என்ன பெயர் என்று உன் வீட்டுக்காரன் சொல்லியிருக்க மாட்டான். "தொட்டி சார்." சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டதிலிருந்து, எச்சில் கொட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. தட்டில் மீதி வைத்துக்கொண்டு வருகிறவனை, உட்கார்ந்து முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவேன். அப்படி நின்று நின்று, என் தட்டில் ஒரு பருக்கை இருந்தாலும் எனக்கு எழுந்திருக்க வராது. தட்டை வழித்து வைத்தால் என் கணக்கில், முடிந்தது, நன்றாக இருந்தது, எழுந்துகொள்கிறேன் என்று அர்த்தம். நீ உடனே இன்னொரு கரண்டி போடுவாய். அதை மீதி வைக்க முடியாமல் அதையும் வழிப்பேன். நீ மறுபடி போடுவாய்.

உன் வீட்டுக்காரனுக்கும் இது எதுவும் தெரியாது. அவனிடமும் நான் மூச்சு விடவில்லை. அவனை ஒன்றும் கேட்காதே.

இப்போது வாயைக் கட்டிவிட்டேன். ஒரே வேளை, காய்ந்த ரொட்டி இரண்டு துண்டு, சர்க்கரை போடாத தேநீர். தின்று வந்ததைத் தின்னாமல் தீர்க்க வேண்டியதுதான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாகிவிட்டது. ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற இல்லத்தில் விசாரித்தேன். மே மாதம் ஒரு படுக்கை காலியாகுமாம். சரி என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.

மாமா


மார்ச் 31

மாமா,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் உங்கள் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். "அவனிடமும் மூச்சு விடவில்லை" என்ற இடம் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்: "அப்பா சொன்னாரு. வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொன்னாரு. சூப்பு, ஈரல் வேண்டாம்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. மறந்துட்டேன்."

மறந்தது ஒரு பக்கம். நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்ததும், அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம். நீங்கள் கத்தியபோதுதான் நினைவுக்கு வந்ததாம். அதற்குப் பிறகு சொல்ல வெட்கமாகப் போயிற்றாம். அன்று சாயங்காலம் சமையலறையில் நான் அழுதேன் மாமா, எல்லாம் என் கையால் வந்த வினை, என்னத்தைப் போட்டுத் தொலைத்தேனோ என்று. அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகள் போனில் என்னைப் பிடித்து உலுக்கியபோதும் வாய் திறக்கவில்லை. நீங்கள் என்னடா என்றால் அவருக்காகப் பொய் எழுதுகிறீர்கள். அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் நன்றாகப் பூசி மெழுகுகிறீர்கள். நடுவில் நான் யார்?

அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இன்று வரைக்கும் பேசவில்லை.

கோபத்தை எழுதியாயிற்று. என் யோக்கியதையையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சோறு இறங்காது. நீங்கள் வந்த முதல் வாரமே ஒரு நாள், நான் மூன்றாவது முறை ஈரல் போட்டபோது, மேஜைக்கு அடியில் பெல்ட்டைத் தளர்த்தினீர்கள். முகத்தில் ஒரு வேர்வை. நான் பார்த்தேன். போதும் போலிருக்கிறது என்று தோன்றியது. தோன்றியும் போட்டேன். எங்கள் வீட்டில் ஏழு பேர்; தட்டு காலியாக ஒருவர் உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவளுக்கு அம்மாவிடம் திட்டு விழும். அந்தப் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், ஆனால் அது மட்டும் காரணமில்லை. நீங்கள் ஊருக்குப் போய், என் மருமகள் மாதிரி யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை. என் மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. ஆபத்து தெரிந்தால் நான் மிதிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். உங்கள் விஷயத்தில் ஆபத்து தெரிந்தும் நான் பேர் வாங்குவதிலேயே இருந்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். மருந்துக்கடைக்காரரிடம் உங்கள் காய்ந்த ரொட்டியைப் பற்றிச் சொன்னேன். பதறிப்போனார். பட்டினி கிடந்தாலும் யூரிக் ஆசிட் ஏறுமாம். உடனே டாக்டரைப் பாருங்கள். தயவுசெய்து சாப்பிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். அந்தப் படுக்கைக்கு இன்னும் சரி சொல்லாதீர்கள்.

மருமகள்


ஏப்ரல் 13

மருமகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை முழங்கால். கீழ்வீட்டு இஸ்திரிக்காரரும் அவர் தம்பியும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் நான் தெரிய மாட்டேன் என்பது போல.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பட்டினி கிடக்கச் சொன்னது யாரு?" என்பதுதான். அவர் சொன்னதை எழுதுகிறேன், உனக்கும் தெரிந்திருக்கட்டும். ஈரல் மாதிரி உள்ளுறுப்புகள், எலும்பு சூப், மத்தி மீன், பாட்டில் பழரசம் இவை வேண்டாம். மற்ற இறைச்சி எப்போதாவது, கொஞ்சமாக. முட்டை, கொழுப்பெடுத்த பால், காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம். பருப்புகூட அளவாக ஒன்றும் செய்யாதாம். தண்ணீர் நிறைய. வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டைத் திருத்தினால் மட்டும் என் விஷயத்தில் போதாது, மாத்திரையை விடவே கூடாது என்றார். இது தின்று கொழுத்தவன் நோயா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பாதி உடம்புவாகு, பிறக்கும்போதே கூட வருவது, ஒல்லியான ஆளுக்கும் வரும் என்றார். இதை முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவும் வெட்கப்பட்டேன்.

இப்போது மற்றதற்கு வருகிறேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாவதில் எழுதுகிறேன்.

நீ சமையலறையில் அழுதாய் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும் அம்மா. என் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தானே. "எல்லாம் என் கையாலதான்" என்று நீ சொன்னது எனக்கு அப்படியே கேட்டது. அவன் ஏன் பேசவில்லை என்று கேட்கிறாய். சுவருக்கு இந்தப் பக்கம் நானும்தான் பேசவில்லை. கால்தான் வலித்ததே தவிர வாய்க்கு ஒன்றும் இல்லை. "இல்லம்மா, தெரிஞ்சேதான் சாப்பிட்டேன்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் உன் அழுகை நின்றிருக்கும். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, நீ அழுது முடிக்கட்டும் என்று காத்துக்கிடந்தேன். அவன் என் பிள்ளைதான், சந்தேகமே வேண்டாம்.

நான் உன் வீட்டை விட்டு ஓடிவந்தது வலியால் இல்லை, சமையலால் இல்லை, தவழ்ந்து போனதைப் பார்த்துவிட்டாய் என்பதால்கூட இல்லை. மறுநாள் காலை வகுப்பை முடித்துவிட்டு நீ வந்து, எப்படி இருக்கு மாமா, நான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று சொல்வாய். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

என்னோடு பேசாதே, அது நியாயம். அவனோடு பேசு.

இல்லத்துக்காரர்கள் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள்.

மாமா


ஏப்ரல் 19

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அழுகை வந்தது. மூன்றாம் தரம் அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு ஆள் இருந்திருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? இனிமேல் சமைப்பதில் பாதி அவருடையது என்று சொல்லியிருக்கிறேன். நேற்று முட்டை அவித்தார். ஓட்டோடு கொஞ்சம் முட்டையும் போய்விட்டது.

இல்லத்துக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். கட்டில் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் படி கிடையாது, தவழ வேண்டி வந்தாலும் தட்டைத் தரை. தவழ்ந்தால் நான் இந்தத் தடவை முகத்தைத் திருப்ப மாட்டேன், கை கொடுப்பேன்.

ஒரே ஒரு ஏற்பாடு. இனிமேல் தட்டில் ஒரே ஒரு வாய் மீதி வைத்துவிடுங்கள். அது இருந்தால் நான் கரண்டியைத் தொட மாட்டேன். புதிதாக ஓட்டுகிறவர்களோடு போகும்போது அவசரப்பட்டு பிரேக்கை மிதித்துவிடாமல் இருக்க, காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்வேன். அது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அது கஷ்டம்தான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


ஏப்ரல் 27

மருமகளுக்கு,

நீ சொன்னபடி ஒரு வாய் மீதி வைத்துப் பழகிப் பார்த்தேன். முதல் நாள் மீதி வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்து நின்றபடியே தின்றேன். மறுநாள் தட்டை மூடி வைத்தேன், மூடியைத் திறந்து தின்றேன். நேற்று துணிந்து குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். கொட்டுவதற்கு முன்னால் அக்கம் பக்கம் பார்த்தேன், யாராவது நிற்கிறார்களா என்று. என் அறையில் யார் நிற்கப் போகிறார்கள்? நிற்கிற ஆள் நான்தானே. கொட்டவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

இந்த வயதில் இது எனக்கு வராது. வேறு வழி யோசித்தேன். மீதி வைப்பதற்குப் பதிலாக, நீ கரண்டியை எடுக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுவது. அதைப் பழகுகிறேன். காலியான தட்டுக்கு மேல் கையை நீட்டி, எதிர் நாற்காலியில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்கிறேன். இஸ்திரிக்காரர் மேலே ஏறி வந்து, யாரோடு சார் பேசுகிறீர்கள், உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். நிஜமாக ஒரு ஆள் எதிரில் நின்றபோது அந்தச் சொல் வாயில் வரவில்லை.

உன் நாத்தனாருக்குப் போன் செய்தேன். எனக்கு முன்பே தெரியும், சொல்லாமல் தின்றது நான், சொல்ல மறந்தது உன் அண்ணன், அண்ணி மேல் ஒரு துளிக் குற்றமும் இல்லை என்று சொன்னேன். நடுவில் வைக்காமல் முழுதும் பேசினேன்.  அண்ணியிடம் எந்த முகத்தோடு பேசுவேன் என்றாள். வெட்கப்படுவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அவள் கூப்பிட்டால் எடுத்துப் பேசு.

இல்லத்துப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வருகிறேன். மாத்திரை இந்த முறை சட்டைப் பையில் இல்லை. வந்ததும் சாப்பாட்டு மேஜை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறேன். எனக்காக ஒன்றும் தடபுடல் செய்யாதே. அவன் அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் வெள்ளரிக்காய், ஒரு சொம்புத் தண்ணீர். போதும் அம்மா.

எழுத்தில் வந்துவிட்டது பார். வாயில் வரும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திரு.

மாமா